தடுக்கிறவளைக் கேட்டால்

ஹார்லன் க்ரோவ், அயோவா
மார்ச், ஞாயிறு மதியம்

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஈத்தனும் பிள்ளைகளும் அந்த அலாஸ்காப் பனிக்குள் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக்கூட இன்றைக்குத் தெம்பில்லை, அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மாடுகள் கன்று போடுகிற காலம். அப்பாவுக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் கன்றெல்லாம் இறங்கட்டும் என்கிறார், இறங்கியதும் விதைப்பு முடியட்டும் என்பார், பிறகு அறுவடை என்பார், நாற்பது வருஷமாகப் பார்க்கிற மனுஷன்தானே. பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு, அந்தச் சேறு அத்தனையும் அவருடைய பூட்ஸில் ஏறி என் சமையலறைக்கு வந்துவிடுகிறது. துடைக்கிறேன், மறுபடி வருகிறது, மறுபடி துடைக்கிறேன். யாரும் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

ஊர்க் கூட்டம் நடந்ததிலிருந்து நீ போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கோபம் என்று புரிகிறது. லோர்னா சித்தியிடம் மட்டும் பேசியிருக்கிறாய், அவள் வயிற்றில் ஒன்றும் தங்காது என்று உனக்கே தெரியும், அன்று மாலையே இங்கே வந்து என் மேசையில் உட்கார்ந்து என் காபியைக் குடித்துக்கொண்டே, அம்மா பாவம் பார்த்து வெர்லாவுக்குக் கொடுத்துவிட்டாள் என்று நீ சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நீ போன மாதம் என்னிடம் நேராகவே கேட்டாய், உண்மையைச் சொல்லம்மா, யார் பெரிய ஆட்டக்காரி, நானா வெர்லாவா என்று. நான் அதெல்லாம் ஒப்பிடக்கூடியது இல்லை கண்ணு என்றேன், நீ சட்டென்று போனை வைத்தாய். அப்புறம் ஊருக்கு நடுவில் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் என்னோடு ஆடிய வெர்லா பேரை நான் சொல்லியிருக்கிறேன். உன் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கும் எரியும். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன், சித்தி வாயில் போய் வந்தது வேண்டாம்.

பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள், விளையாட்டுக் கூடம் மட்டும் ஊருக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள், அது உனக்குத் தெரியும். அதன் தரையை இழைத்துப் புதிதாக வார்னிஷ் அடிக்கிறபோது நடுவில் ஒரு பெயர் எழுதலாம், இந்த ஊரிலிருந்து கூடைப்பந்து ஆடியவர்களில் எல்லாரிலும் பெரியவர் பெயர் என்று தானியக் கிடங்கு நடத்துகிற லைல் ஹோக்ஸ்ட்ரா கிளப்பிவிட்டார். இரண்டு பெயர் எழுதக்கூடாதா என்றால் கூடாதாம், இரண்டு எழுதினால் யாருமே பெரியவர் இல்லை என்று ஆகிவிடுமாம். குளிர்காலம் முழுக்க அந்தக் கிடங்கின் காபி மேசையில் ஆண்களுக்கு இதே வேலைதான். ரஸ்ஸல் பெரியவரா சேம்பர்லெய்ன் பெரியவரா, ஜோர்டானை அந்தக் காலத்தில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், லெப்ரானை யார் நிறுத்தியிருப்பார்கள் என்று தொண்டை கட்டக் கத்துவார்கள். சேம்பர்லெய்ன் ஒரே ஆட்டத்தில் நூறு போட்டார் என்று ஒருவர், எதிரில் நின்றவன் யாரு, பகல்ல குழாய் ரிப்பேர் பாத்தவன் என்று இன்னொருவர், அப்போ உன் லெப்ரானை அந்தக் கால ஷூவில் அந்தக் கால பஸ்ஸில் ஊர் ஊராக அனுப்பிப் பார் என்று மூன்றாமவர். அந்த மேசையில் இருக்கிற ஒருவர்கூட இவர்களில் யாரையும் எதிரில் நின்று தடுத்ததில்லை. மாடு தப்பி ஓடினாலே தடுக்கத் தெரியாதவர்கள். அப்பாவும் அதில் ஒருவர் என்பதால் இதோடு விடுகிறேன்.

அந்தப் பேச்சு அப்படியே திரும்பி வெர்லாவிலும் உன்னிலும் வந்து நின்றது. வெர்லா கட்சி என்ன சொன்னது என்றால், எழுபத்து மூன்றில் அவள் ஒரு ராத்திரி போட்டதை மார்னியின் மொத்த அணியும் சேர்ந்து போட்டதில்லை, அதுவும் ஆண்களுடைய பெரிய பந்தில், மார்னிக்குக் கொடுத்தது சின்னப் பந்து, தூரத்திலிருந்து போட்டால் மூன்று என்று சலுகை வேறு, வெர்லா அதே தூரத்திலிருந்து போட்டதெல்லாம் இரண்டுதான். உன் கட்சி என்ன சொன்னது என்றால், வெர்லா ஓடியது பாதித் தரை, யாரையும் ஒரு தடவைகூடத் தடுத்ததில்லை, மார்னி இந்தக் கடைசியில் பந்தைப் பிடுங்கி அந்தக் கடைசியில் போட்டவள், அவளோடு வெர்லா ஓடியிருந்தால் முதல் பத்து நிமிஷத்தில் நாக்குத் தள்ளியிருக்கும். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதுதான் தொல்லை.

ஈத்தனுக்கு இந்த இடத்தைப் படித்துக் காட்டு, போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் சொன்னதை அவர் கதை என்று நினைத்துச் சிரித்தார். எங்கள் காலத்தில் அயோவாவில் பெண்கள் ஆடியது ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று கூடையில் போடுகிறவர்கள், மூன்று பேர் மறுபாதியில் நின்று தடுக்கிறவர்கள். பந்தைத் தரையில் இரண்டு தட்டுக்கு மேல் தட்டக்கூடாது. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. தடுக்கிறவள் பந்தைப் பிடுங்கினால் கோடு வரைக்கும் கொண்டுபோய் அந்தப் பக்கம் நிற்கிறவளிடம் கொடுக்க வேண்டும், அவள் போடுவாள், கூட்டம் அவள் பேரைச் சொல்லிக் கத்தும். நான் தடுக்கிறவள். பள்ளிக்கூடத்தில் ஆடிய அத்தனை வருஷத்திலும் ஒரு புள்ளிகூடப் போட்டதில்லை, ஏனென்றால் நான் போடவேண்டிய கூடை என் பக்கத்திலேயே இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை, வேலை அதுதான்.

சண்டை தீரவில்லை என்றதும் லைலுக்கு இன்னொரு யோசனை வந்தது, பழைய ஆட்டக்காரிகளையும் இப்போதைய பெண்களையும் இறக்கி ஆட விடலாம், முதல் பாதி பழைய முறை, இரண்டாம் பாதி புது முறை, ஊர் பார்த்து முடிவு பண்ணட்டும் என்று. மாட்டேன் என்றேன், முட்டி இரண்டும் கெஞ்சுகிறது என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை. வெர்லாவுக்கு இப்போது நுரையீரலுக்காக மூக்கில் குழாய், பக்கத்திலேயே சிலிண்டர், அவளை ஆடுகிற கோட்டுக்கு வெளியே ஓரமாக மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தோம். முதல் பாதியில் இப்போதைய பெண்கள் திணறினார்கள், இரண்டு தட்டு முடிந்ததும் கையில் பந்தை வைத்துக்கொண்டு முழித்தார்கள், நாங்கள் சிரித்தோம். இரண்டாம் பாதியில் திணறுவது எங்கள் பங்காயிற்று. ப்ராண்ட் வீட்டு நெட்டைப் பெண் என் எதிரில் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள், நான் பிடுங்கிவிட்டேன் மார்னி, அறுபதைத் தாண்டிய கிழவி, அவள் மேல் விரல் படாமல் சுத்தமாக. எதிரே முழுத் தரையும் காலி. ஓடினேன். நடுக்கோட்டுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை, அதுவே நின்றது. லைல் மைக்கில், போ ஆர்டிஸ், போ, இப்ப தாண்டலாம் என்று கத்துகிறார், அப்பா எழுந்து நின்று கையை வீசுகிறார், கூடம் முழுக்கச் சிரிப்பு, எனக்கு ஒரு அடி எடுத்து வைக்க வரவில்லை. பந்தை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று அந்தப் பக்கம் தேடினேன். அப்போது நாற்காலியிலிருந்து வெர்லா இரண்டு கையையும் நீட்டி, அவ சரியாத்தான் நிக்கிறா, சும்மா இருங்கடா, எங்கிட்ட போடுடி என்றாள். போட்டேன். பிடித்தாள், குழாயும் சிலிண்டருமாக, கை கொஞ்சம்கூட ஆடவில்லை. நடுவர் விசில் அடித்தார், அது தப்பாட்டம்தானே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம்தான் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம். ஹாம் பன்னும் காபியும் ஆறிப்போய்க் கிடந்தன, கை தூக்கச் சொன்னார்கள், சரிபாதியாக நின்றது. லைல் என் பக்கம் திரும்பி, ஆர்டிஸ், நீங்க ஒருத்தியோட ஆடுனீங்க, இன்னொருத்தியப் பெத்தீங்க, நீங்களே சொல்லிருங்க என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெர்லா என்னைப் பார்க்காமல் குழாயைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். வெர்லா பேர எழுதுங்க என்றேன். சொல்லிவிட்டுக் கப்புகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன், அங்கே நின்றால் இன்னும் ஏதாவது கேட்பார்கள் என்று.

அன்று அவளை வீட்டில் விடக் காரில் போனேன். பாதி வழியில் கேட்டாள், நான் சாகப்போறேன்னு பாவம் பாத்துதானே சொன்னே என்று. நீ சாகறதா இருந்தா எப்பவோ செத்திருக்கலாம், தினமும் உனக்குச் சாப்பாடு கட்டுற வேலையாவது எனக்கு மிச்சமாகியிருக்கும் என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போனாள், நான் கொண்டுவந்த சூப்பையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆக ஊரிலேயே பெரிய ஆட்டக்காரிகள் என்று பேர் வாங்கிய இரண்டு பேரும் என்மேல் ஒரே குற்றத்தைத்தான் சொல்கிறீர்கள், இரண்டு பேரும் என்னோடு பேசுவதுமில்லை. எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. உண்மையாகவே அலுத்துவிட்டது.

பாவம் பார்த்துச் சொல்லவில்லை. எதற்காகச் சொன்னேன் என்று இந்த ஒரு வாரமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் யோசித்தேன், எனக்காகத்தான் சொல்லியிருக்கிறேன். வெர்லா போட்ட புள்ளி எல்லாம் அவள் பேரில் இருக்கிறது, ஆனால் அதில் பாதிப் பந்தை யாரோ ஒருத்தி அடிபட்டு, உதடு கிழிந்து, பிடுங்கிக் கோட்டு வரைக்கும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். தடுக்கிறவர்கள் பேரை எந்தத் தரையிலும் எழுத மாட்டார்கள். அவள் பேர் அங்கே இருந்தால் அதற்குக் கீழே என் பேரும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். உன் பேரை எழுதியிருந்தால் அதில் எனக்குப் பங்கில்லை, நீ முழுத் தரையையும் நீயே ஓடியவள், பிடுங்கினதும் நீ, போட்டதும் நீ. கேட்பதற்கு அசிங்கமாக இருக்கிறதா, இருக்கட்டும், அம்மாவுக்கும் கொஞ்சம் ஆசை இருக்கும்.

ஆனால் ஊர் கேட்டது யார் பேரை எழுதலாம் என்று. நீ கேட்டது வேறு, யார் பெரியவள் என்று. அதற்கு ஒரு தடுக்கிறவளுக்குத் தெரிந்த மாதிரிதான் என்னால் பதில் சொல்ல முடியும். எத்தனை போட்டாள் என்று எங்களுக்குக் கணக்குத் தெரியாது, இவளை என்னால் நிறுத்த முடியுமா என்பது ஒன்றுதான் தெரியும். வெர்லாவைப் பயிற்சியில் தினமும் தடுத்தது நான். போடப்போகிறாள் என்றால் முதலில் உதட்டைக் கடிப்பாள், இடது பக்கம் போக அவளுக்குப் பிடிக்காது. எல்லா நாளும் இல்லை, ஆனால் நல்ல நாளில் நான் அவளை நிறுத்தியிருக்கிறேன், எரிச்சலில் அழ வைத்திருக்கிறேன். உன்னையும் டிராக்டர் கொட்டகைச் சுவரில் அப்பா அடித்துக் கொடுத்த கூடைக்குக் கீழே தினமும் நான்தான் தடுத்தேன். ஒரு கோடை வரைக்கும் முடிந்தது. அதற்கப்புறம் நீ எந்தப் பக்கம் போவாய் என்று எனக்குத் தெரியவே இல்லை. உன் முகத்தைப் பெற்றவள் நான், அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை, நான் திரும்புவதற்குள் பின்னால் கூடையில் பந்து விழுகிற சத்தம் கேட்கும்.

நீ காரில் சாமான் ஏற்றிக்கொண்டு அலாஸ்காவுக்குக் கிளம்பிய காலையில் நான் வாசலில் நின்றுகொண்டு கம்பளிக் கோட்டு எடுத்தாயா, வண்டிக்கு எண்ணெய் பார்த்தாயா, இன்னொரு காபி குடித்துவிட்டுப் போயேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே, நீகூட அம்மா நேரமாகுது என்று சலித்துக்கொண்டாய். அது தடுக்கிற வேலை கண்ணு. ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் வேகத்தையாவது குறை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. நீ என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாய். இத்தனை வயதில் நான் நிறுத்த வேண்டும் என்று முழு மனசோடு நின்று, நிறுத்த முடியாமல் போன ஒரே ஆள் நீதான். யார் பெரியவள் என்று இனிமேல் என்னிடம் கேட்காதே.

பிள்ளைகளை வெளியே அனுப்பும்போது காதை மூடி அனுப்பு. ஈத்தனை ஏணியில் ஏறிக் கூரைப் பனியைத் தள்ள வேண்டாம் என்று சொல், ஆள் வைக்கட்டும். உங்கள் எல்லாருக்கும் கடவுள் நல்ல உடம்பும் வீட்டில் சண்டை இல்லாத சாப்பாட்டு மேசையும் கொடுக்கட்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார், தோள் வலிக்காக நீ திட்டக்கூடாது என்றும் சொல்லச் சொன்னார், நீ திட்டு. மறக்காமல் வெர்லாவுக்கு ஒரு போன் பண்ணு, நான் சொன்னதாகச் சொல்லாதே. மே மாதம் பெயர் எழுதி முடித்துத் தரையைத் திறக்கிறார்கள், அதற்கு வா. வந்தால் திரும்பிப் போகிற அன்று மறுபடியும் வாசலில் நிற்பேன், கம்பளிக் கோட்டையும் வண்டி எண்ணெயையும் கேட்பேன், எப்படியும் போய்விடுவாய், தெரியும், இருந்தாலும் நிற்பேன்.

உன் அம்மா,
ஆர்டிஸ்