டோக்கன் 41-ஐ உடனே திரும்ப அழைக்கக் கோரி

அனுப்புநர்:
இறந்த குழந்தையின் தாய்,
காஜா (பொத்தான் துளை) பிரிவுத் தொழிலாளி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: பரிசோதனைக்கான கண் சொட்டு மருந்தைச் சிகிச்சை என்று கொடுத்தனுப்பியது, இன்னொரு குழந்தையைக் காப்பாற்ற வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மூன்று வயது மகளின் இடது இமை இறங்கி, கண்ணின் பாப்பாவும் சிறுத்துத் தெரிந்ததால், சென்ற ஆண்டு தங்கள் கண் பிரிவுக்கு அழைத்து வந்தேன். டாக்டர் இரு கண்ணிலும் சொட்டு விட்டார். முக்கால் மணி நேரத்தில் இமை உயர்ந்தது, பாப்பா விரிந்தது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஏதோ எழுதிவைத்துவிட்டு அவசரமாகப் போனார். உதவியாளர் மீதிப் பாட்டிலை என்னிடம் கொடுத்து, “தெனமும் காலையில ஒரு சொட்டு விடும்மா, கண்ணு நல்லாத் தெறந்திருக்கும்” என்றார்.

2. ஒரு நாள் தவறாமல் விட்டேன். தீர்ந்ததும் கடையில் வாங்கினேன். மறுபடி காட்ட வந்தபோதெல்லாம், தலைவாரிவிடுவது போல, சொட்டும் விட்டே கூட்டி வந்தேன். ‘இரு கண்களும் சமம்’ என்று அட்டையில் எழுதினார்கள்.

3. ஆறாம் மாதம் கழுத்தில் கட்டி தெரிந்தது. வேறொரு டாக்டர் சொல்லித்தான் விளங்கியது: அது மருந்தல்ல, சோதனை. நரம்பு பழுதான கண்தான் அந்தச் சொட்டுக்கு அப்படி விரியுமாம். நான் மகிழ்ந்துபோன அதுவே நோயின் அத்தாட்சி. நெஞ்சுக்குள் வளர்ந்து கழுத்துவரை ஏறிய கட்டி, கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்தியிருக்கிறது. முதல் நாள் டாக்டர் எழுதிய ஸ்கேன் சீட்டு என் கைக்கு வராமல் கோப்பிலேயே கிடந்தது. மகள் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது.

4. உதவியாளர் மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் இம்மனு அதற்கல்ல.

5. செவ்வாயன்று இறப்புச் சான்றுக்காக வந்தபோது, கண் பிரிவு பெஞ்சில் ஒரு பெண், இரண்டு வயதுப் பையனுடன். டோக்கன் 41. கையில் அதே பாட்டில். “காலையில விட்டேன்க்கா. பாருங்க, எப்படி முழிக்கிறான்!” என்று சிரித்தாள். சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அவள் பிள்ளை மடியில் இருக்கிறானே என்ற பொறாமையும் இருந்தது, மறைக்க மாட்டேன். பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி ஓடிவந்தேன். பெஞ்ச் காலி. பதிவு ஜன்னலில், வெளியாருக்கு விலாசம் தர முடியாது என்றார்கள்.

விலாசம் எனக்கு வேண்டாம், ஐயா. தாங்களே இன்று ஆளனுப்பி அவளை வரவழைத்து, சொட்டை நிறுத்தச் சொல்லி, பையனுக்கு ஸ்கேன் எடுக்க உத்தரவிடும்படி மன்றாடுகிறேன். இன்று காலையும் அவள் ஒரு சொட்டு விட்டிருப்பாள்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: வியாழன், காலை 9 மணி

இப்படிக்கு,
(கையொப்பம்)
அட்டையில் ‘சமம்’ என்று எழுதப்பட்ட குழந்தையின் தாய்