மூன்று மணிக்கும் நாலரைக்கும் நடுவில்

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. காலி வீதியில் பஸ் அசையவில்லை. வெள்ளவத்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடை. சேலைக் கரை முழுக்கச் சேறு. கவுண்டரில் இரண்டு பேர் லீவு, எல்லாம் நானே.

பத்து மணிக்குப் புஷ்பம். கொட்டாஞ்சேனைக்காரர். போன மாதம் எங்களிடம் ஒப்பரேஷன் செய்து இறந்தவரின் மனைவி. நாலாவது தரம் வருகிறார். வழக்கு என்று பேசவில்லை, சத்தம் போடவில்லை. கேட்பது ஒன்றுதான்.

"மூணு மணிக்கு நல்லா இருக்காரு, டீ கேட்டாருன்னு சொன்னாங்க மிஸ். நாலரைக்கு இல்லைன்னுட்டாங்க. நடுவுல என்னா நடந்துச்சுன்னு டொக்டர் சொன்னா போதும்."

மனேஜருக்குப் போன். ஒப்பரேஷன் செய்த டொக்டர் வெளிநாடு என்று சொல்லச் சொன்னார். சொன்னேன், புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தே. பதினெட்டு வருடப் பழக்கம். டொக்டர் அந்நேரம் மூன்றாம் மாடியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வாங்க: குடை, பூண்டு, அம்மாவின் பிரஷர் குளிசை.

நவம்பர் 5, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

புஷ்பம் மறுபடி. ரெக்கோர்ட்ஸுக்கு அனுப்பினேன். அவர்கள் வார்டுக்கு. வார்டில் மேட்ரன் சாப்பாட்டுக்குப் போய்விட்டாராம். முறைப்பாட்டுப் பிரிவின் கதவில் 'கூட்டம் நடைபெறுகிறது' என்று ஒட்டியிருந்த கடதாசி. உள்ளே ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு மணிக்கு என்னிடமே திரும்பி வந்தார். ஓரக் கதிரையில் அமர்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டொக்டர் பின்பக்கத்தால் போனதாகக் காவலாளி சொன்னார். அழுக்குத் துணி ஏற்றும் லிஃப்ட். அவ்வளவு பெரிய மனிதர், மூட்டைகளுக்கு நடுவில்.

நவம்பர் 6, புதன்

குளிக்கும்போது பிடிபட்டது. முறைப்பாட்டுக்காரரிடமிருந்துதான் டொக்டர் ஒளிக்கலாம். நோயாளியிடமிருந்து முடியாது. நம்பர் எடுத்து வருகிற எவரையும் பார்த்தே ஆகவேண்டும். நம்பர் கொடுப்பது நான்.

நாளைய கிளினிக்கில் புஷ்பத்தின் பெயரைப் பதிந்தேன். ஏழாம் நம்பர். போனில் அவருக்குச் சொன்னேன். நானும் உள்ளே வருவேனா என்று கேட்டார். ஓம் என்றேன்.

நல்ல பசி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

பின்னேரம் ஐந்து. ஏழாம் நம்பர்.

டொக்டர் தலை நிமிராமல், என்ன வருத்தம் என்று கேட்டார். புஷ்பம் கணவரின் பெயரைச் சொன்னார். டொக்டரின் பேனை நின்றது. என்னைப் பார்த்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னாலேயே நின்றேன்.

டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"மூண்டேகாலுக்கு உள்ளுக்க ரத்தம் போகத் தொடங்கினது. நேர்ஸ் எனக்குப் போன் எடுத்தவ. நான் நுகேகொடையில வேற கிளினிக்கில ஆக்களைப் பாத்துக்கொண்டிருந்தனான். மருந்தைச் சொல்லிப்போட்டு, மிச்ச ஆக்களை முடிச்சிட்டு வரலாம் எண்டு நினைச்சன். உடனே வெளிக்கிட்டிருக்க வேணும்."

"நான் கீழதானே இருந்தேன். என்னைய ஏன் கூப்பிடல?"

"கூப்பிடச் சொல்லி நான் சொல்லேல்லை அம்மா."

டொக்டருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. மரியாதை கொஞ்சம் வந்தது. அது எனக்கே புதினமாக இருந்தது.

பஸ் தரிப்புவரை கூடப் போனேன். மனம் ஆறியதா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. புஷ்பமே சொன்னார்: "இது போதும்னு நெனைச்சேன் மிஸ். போதாது. ஆனா இனி என்னா செய்யணும்னு யோசிக்கலாம்." திங்கள் அன்று டொக்டர் வெளிநாடு என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். தெரியும் என்றார். பஸ் வந்தது.

நவம்பர் 8, வெள்ளி

வெயில். கவுண்டர் மேசையில் ஒரு கடித உறை. என்னை மருந்துக் களஞ்சியத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். காரணம் எழுதவில்லை. மனேஜர் கையெழுத்து; நேரில் தர ஆளில்லை.

கடிதத்தோடு மேலே மனேஜரின் அறைக்குப் போனேன். சேர் வெளியில் போய்விட்டார் என்றாள் செக்ரட்டரி பிள்ளை. பரவாயில்லை, இருக்கிறேன் என்று கதவுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அரை மணித்தியாலம். அவளுடைய மேசைப் போன் அடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் இருக்கிறா சேர்."

இன்னும் இருந்தேன். பதினொன்றேகாலுக்குக் கதவு உள்ளேயிருந்து திறந்தது.