தொட்டியை எடுக்க வந்தவர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீ எல்லா அளவிலும் சுகமாக இருக்க வேண்டும். போனில் உன் குரலைக் கேட்டால் என் கோபம் காற்றுப்போன டயர் மாதிரி ஆகிவிடுகிறது, அதனால்தான் கடிதம். டயர் கழற்றுகிற கை, எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் நீ விட்டுப்போன மீன் ஜோடி சமாச்சாரம். விரல் நீளம்கூட இல்லாத ஜந்துகள் இத்தனை அமர்க்களம் செய்யும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு பெண் மீன் திடீரென்று மஞ்சளாகிவிட்டது. நான் காமாலை என்று முடிவுகட்டி, தொட்டிக்குள் கிடந்த காய்ந்த இலைகளைக் குப்பை என்று அள்ளி எறிந்து, புதுக் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்தியம் பார்த்தேன். நீ தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த சட்டியின் உட்கூரையில் ஒட்டியிருந்த முட்டைகள் மறுநாளே வெள்ளை பூத்துச் செத்துப்போயின. பிறகுதான் நீ இந்த ஜோடியை வாங்கிய வளர்ப்பு மீன்கடைக்காரரிடம் கேட்டேன். முட்டை காக்கிற தாய்க்கு அதுதான் நிறமாம், அதன் சொந்த ஆற்றில் இலைகள் ஊறி ஊறித் தண்ணீரே டீ நிறத்தில் இருக்குமாம். உன் அம்மா எனக்கு 'எட்டாங்கிளாஸ் டாக்டர்' என்று பட்டம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த தடவை இலையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், குஞ்சு பொரித்தது. தாய் மீன் புருஷனை அண்டவிடாமல் மூலைக்கு விரட்டிவிட்டது, அவனைப் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கிறது. வழிதவறுகிற குஞ்சை வாயில் கவ்விவந்து கூட்டத்தில் துப்புகிறது. தாய் உடம்பை ஒரு வெட்டு வெட்டினால் அத்தனை குஞ்சும் தரையோடு பதுங்கி அசையாமல் கிடக்கின்றன. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலி போட்டுப் பார்க்கிறாள், நீ லீவில் வரும்போது இவையெல்லாம் எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று தினமும் என்னைக் கேட்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மீன்கடைக்காரர் இரண்டு வாளியோடு வந்து நின்றார். "பொண்ணு போன வாரம் போன் பண்ணுச்சு சார், அங்கேயே இருந்துடப் போகுதாம், தொட்டியை எடுத்துக்கச் சொல்லுச்சு" என்றார். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார் பாவம், நானும் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ எங்களோடும் அரை மணி நேரம் பேசினாய். மழையைப் பற்றிப் பேசினாய். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர், இப்போது கலைத்தால் தாயே மிரண்டு குஞ்சுகளைத் தின்றுவிடும், கொஞ்சம் வளரட்டும், மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்று திரும்பிப் போனார். வளர்ந்தபின் தாயே விரட்டிவிடுமாம். போவது தப்பில்லை அம்மா, குஞ்சு போகத்தான் வேண்டும். ஆனால் எந்தக் குஞ்சும் மீன்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை.

அம்மா அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யார் வந்தது என்றாள், தொட்டி கழுவ வந்தார் என்றேன். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எந்தப் பொய்யையும் அவள் நம்பியதில்லை, இதை நம்பிவிட்டாள். இன்னொரு தடவை என்னால் முடியாது. அவர் வாளியோடு திரும்பி வருவதற்குள் நீயே அவளிடம் சொல்லிவிடு.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, பட்டினி கிடக்காதே.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா

பி.கு. நீ வருவதற்குள் அம்மா உன் அறைக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறாளாம், என்ன நிறம் வேண்டும் என்று கடிதத்தில் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.