முசுபி ஏறாத கை

செப்டம்பர் 2
மகள் புவா ஹொனலுலுவுக்குப் படிக்கப் போய்விட்டாள். பச்சோந்தியைத் தீவு விட்டுத் தீவு கொண்டுபோகச் சட்டம் விடாது. ஆகவே சோற்றுருண்டையின் பெயர் வைத்த அவளுடைய பச்சோந்தி முசுபி இனி என் தலையில். விமான நிலையத்திலும் மகளுக்கு அதே பாட்டு: "அப்பா, மேலேருந்து பிடிக்காதீங்க. கையைக் கீழ வெச்சுக் காத்திருங்க. அவளா ஏறுவா." சரி தாயே, சரி.

செப்டம்பர் 9
ஏறவில்லை. கூண்டுக்குள் இருக்கிற செம்பருத்தியில் பதுங்கி, ஒரு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

செப்டம்பர் 15
அக்கா டார்லீன் வந்து சிரித்தாள். "டேய் கிளேட்டன், வெங்காயத்த மிரட்டுற மூஞ்சியோட நின்னா எதுடா பக்கத்துல வரும்?"
சாயங்காலம் புவா போனில் கேட்டபோது, "தினமும் ஏறுறாம்மா" என்றேன். எதற்குச் சொன்னேன்? தோற்றுப்போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 6
என் கையில் முசுபி இருக்கிற படம் புவாவுக்கு வேண்டுமாம். அரை மணி நேரம் கையை நீட்டினேன். வரவில்லை. பிறகு — எழுதவே கூசுகிறது — மேலிருந்து பிடித்து இழுத்தேன். குலா மேட்டில் முப்பது வருஷம் வெங்காயம் பிடுங்கிய கை. வெங்காயத் தாளைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டித்தான் அதற்குப் பழக்கம். முசுபி கிளையை விடவில்லை. சீறினாள். முன்னங்கால் நகம் ஒன்று பட்டையிலேயே நின்றுவிட்டது. ரத்தம் ஒரு பொட்டு. பயத்தில் கரிக்கட்டையாய்க் கறுத்துப்போனாள். அந்த நிலையிலேயே கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். சீ, நானும் ஒரு மனுசன்.
"ஏம்பா இவ்ளோ கறுப்பா இருக்கா?"
"வெயில் காய்ஞ்சாம்மா."
நம்பிவிட்டாள். அறைத்தோழிகளுக்கெல்லாம் காட்டினாளாம்.

அக்டோபர் 7
இரையைத் தொடவில்லை.

அக்டோபர் 11
ஒரு வெட்டுக்கிளி தின்றாள். நான் வெங்காயப் பாத்திக்குப் போய் அழுதேன்.

நவம்பர் 28
நன்றி கூறும் நாள். புவா வந்திருக்கிறாள், வீடு நிறைய ஆள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குத் தட்டு நிறைய வான்கோழி கிடைத்தது, இறங்கத்தான் இல்லை.
புவா கூண்டைத் திறந்தாள். "அத்தை, இங்க பாருங்க! அப்பா கையில ஓடி வந்து ஏறுவா. காட்டுங்கப்பா!"
கிளைக்குக் கீழே என் கை போனதுமே முசுபி கறுத்தாள். பின்வாங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"ஏறினதே இல்லம்மா. படத்துக்காகப் பிடிச்சு இழுத்தேன். ஒரு நகம் போச்சு. என்னாலதான்."
டார்லீன்கூடச் சிரிக்கவில்லை. புவா முசுபியின் காலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 30
கிளம்புமுன் புவா என் மணிக்கட்டைப் பிடித்துக் கிளைக்குக் கீழே வைத்தாள். "சும்மா இருங்க. எதுவும் செய்யாதீங்க." சும்மா இருந்தேன். முசுபி வரவில்லை. புவா விமானத்துக்குப் போனாள்.

டிசம்பர் 19
போன்.
"ஏறினாளாப்பா?"
"இல்லம்மா. ஒரு கால் வெச்சா. எடுத்துட்டா."
"எந்தக் கால்?"
"நகம் போன கால்தாம்மா." சொல்லிவிட்டுக் கையை மறுபடி கிளைக்குக் கீழே வைத்தேன்.