காணாமல் போன ஒரு கிலோமீட்டர்

அனுப்புநர்:
வெள்ளைக் காரின் ஓட்டுநர்,
வாகனப் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

வழி: நேரில். (மேலாளர் வழியாகக் கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை.)

பொருள்: எத்தனால் கலந்த பெட்ரோலால் கார் மைலேஜ் குறைந்தது – என்மேல் விழுந்த திருட்டுப் பெயரை நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அலுவலகத்தின் வெள்ளைக் காரை வாங்கிய நாள் முதல் நானே ஓட்டி வருகிறேன். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்பது அப்போது வைத்த கணக்கு. வண்டிக்கு வயதாகிவிட்டது, கணக்குக்கு ஆகவில்லை. பங்க்கில் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பதினான்கைத் தொடுவதே பெரும்பாடாக இருக்கிறது.

2. எத்தனாலில் பெட்ரோல் அளவுக்கு வலு இல்லை, இருபது சதவீதம் கலந்தால் பழைய வண்டியில் இந்தக் குறைவு வரும் என்று மெக்கானிக் வந்து சொல்லிப் பார்த்தார். வாகனப் பிரிவு மேலாளர் அவரை அனுப்பிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் என்னிடம், "அப்போ அந்த ஒரு கிலோமீட்டர் எங்கேய்யா போச்சு?" என்று கேட்டார். அன்று முதல் சக ஓட்டுநர்களுக்கு என் பெயர் 'டியூப்'. டேங்கில் டியூப் விட்டு உறிஞ்சுகிறேனாம். சிரித்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

3. முதலில் ஏசியை நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். நான் ஏற்றிச் செல்லும் அதிகாரி அம்மா வேர்த்து விறுவிறுத்துக் கூட்டத்துக்குப் போனார். மறுநாளே ஏசியைப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அதன்பின் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன் ஐயா. என் கைக்காசில் பெட்ரோல் வாங்கி அலுவலகக் காரில் ஊற்றினேன். கணக்கில் மைலேஜ் பழையபடி பதினைந்து வந்தது. "எச்சரித்த பிறகு திருட்டு நின்றது" என்று மேலாளர் கோப்பில் எழுதிவிட்டார்.

4. இப்போது ஊற்றுவதை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தினால் மைலேஜ் குறையும், பழைய புத்தி போகவில்லை என்பார்கள். எடுக்காத பெட்ரோலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது.

5. இந்தத் திருட்டுப் பேச்சு என் வீடு வரை போய்விட்டது. வீட்டுக்குக் கொடுக்கும் பணம் குறைந்ததைப் பார்த்த என் மனைவி, திருட்டுக்கு அபராதம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். சென்ற வாரம் சாப்பாடு போட்டபடியே, "எடுத்திருந்தா எங்கிட்ட சொல்லிடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததைச் சொன்னேன். அலுவலகக் காருக்கு எவனாவது சொந்தக் காசில் பெட்ரோல் போடுவானா என்று அவர் கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

6. ஆகவே, தங்கள் ஆட்களைக் கொண்டே டேங்கை நிரப்பி, மூடியைப் பூட்டி, சாவியைத் தாங்களே வைத்துக்கொண்டு, வேறொருவரை விட்டு இந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டுகிறேன். நான் ஊற்றிய பணம் வேண்டாம். அந்தத் 'திருட்டு' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

7. தங்கள் பதிலை அலுவலகத்துக்கு அனுப்பாமல் என் வீட்டு முகவரிக்கு அனுப்பினால் நன்றியுடையவனாவேன். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது என் மனைவிதான்.

இடம்: கார் நிறுத்துமிடம்
நாள்: மாதக் கடைசி (இன்றும் ஊற்றியாக வேண்டும்)

இப்படிக்கு,
தங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
வெள்ளைக் காரின் ஓட்டுநர்