மாமா, பிரேக்கில் தப்பான எண்ணெயை ஊற்றிவிட்டேன்

கேலி பேசாமல் ஒருநாளும் என்னை வீட்டுக்குள் விடாத என் அன்பு மாமாவுக்கு,

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்கள் வாடகைக் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால், குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாராவது கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள். அந்த வரும்படியில்தான் அக்கா குடும்பம் நடக்கிறது.

ஒரு தப்பு செய்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? போன மாதம் பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது. எங்கே கசிகிறது என்று குனிந்து பார்த்திருக்க வேண்டும். நான்தான் சுரங்கத்து ஆள் ஆயிற்றே. புல்டோசரின் இரும்புத் தகட்டையே தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக் எண்ணெய் இந்தச் சின்னக் காருக்குப் போதாதா என்ற திமிரில், அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி ஊற்றினேன்.

நாலு நாள் நன்றாகத்தான் பிடித்தது. பிறகு சக்கரம் சூடேறியது. அந்த எண்ணெய் பட்டு உள்ளேயிருந்த ரப்பரெல்லாம் ஊறி உப்பிவிட்டது. குள்ளஞ்சாவடி முக்கில் மாட்டுவண்டி குறுக்கே வந்தபோது மிதித்தேன். பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. பின்சீட்டில் அக்கா. கை பிரேக்கை இழுத்து, ஓரத்து மணலில் ஏற்றி நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை.

"இத வித்துடுடா. அவர பறிகுடுத்தது போதும்" என்றாள் அக்கா.

காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவர் புதன்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். பிரேக் இல்லாத காரை எப்படி விற்பது? ரப்பரையெல்லாம் மாற்றினேன். குழாய்களைக் கழுவி, சீல் உடைக்காத டின் வாங்கி, சரியான எண்ணெயை ஊற்றினேன். குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட. பக்கத்து குவார்ட்டர்ஸில் ஆள் கூப்பிடப் புறப்பட்டேன்.

"எங்கடா போற? நீ கீழ படு, நான் மிதிக்கிறேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு உங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள் அக்கா.

மிதி, புடிச்சிகினு இரு, விடு என்று கீழிருந்து சொன்னேன். ஒருமுறைகூட அவளுக்குத் தப்பவில்லை.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உங்க மாமாவும் ஒரு தடவ பிரேக்குல இன்ஜின் எண்ணெய ஊத்திட்டு முழிச்சிகினு நின்னாரு. அன்னிக்கும் நான்தான் மிதிச்சேன். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினாரு."

அடப்பாவி மாமா. இது அப்போதே தெரிந்திருந்தால் ஒரு வருஷத்துக்கு உங்களைக் கேலி பண்ணியிருப்பேனே. இப்போது யாரைப் போய்ப் பண்ணுவது?

கடைசிக் குமிழியும் வெளியேறிவிட்டது. "போதும்க்கா, கால எடு" என்றேன். அவள் எடுக்கவில்லை.

"இருடா. நீ கீழேருந்து பேசறது அவரு பேசற மாதிரியே இருக்குது."

நான் காருக்கு அடியிலேயே கிடந்தேன். வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வெகு நேரம் கழித்துத்தான் இறங்கினாள்.

"புதங்கெழம அந்த ஆள வரவேணாம்னு சொல்லிடு."

இனி வேறு எந்த எண்ணெயையும் கிட்டே சேர்க்க மாட்டேன், மாமா. டின்னைத் திறந்துபோட்டு எண்ணெயில் மழை ஈரம் ஏறவிட மாட்டேன்; ஈரம் ஏறினாலும் பிரேக் கெட்டுவிடும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எண்ணெயை மாற்றுவேன், அக்காதான் மிதிப்பாள். காற்றெல்லாம் தீர்ந்த பிறகும் நான் கீழே படுத்தபடி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பேன்.

என்றும் உங்கள் மச்சினன்,
வேலு