முருகன் பேருக்கு ஒரு குரல்

1976, மார்கழி, ஞாயிறு இரவு. சின்னக்கானல்.

இன்று பந்து மைதானத்தில் என் மகன் முருகனின் குழு வாசித்தது. போன வருசம் இதே சத்தத்துக்கு தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆட்கள் கதவைச் சாத்தினார்கள். இன்று கம்பம்மெட்டிலிருந்தும் ஜீப்பில் பையன்கள் வந்திருந்தார்கள். அவன் கரண்ட் கிதாரைத் தொட்டதும் "முருகா, முருகா" என்று கூச்சல். சாமியைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பக்கத்தில் நின்ற கங்காணி சிரித்தார். "ஊரே உங்க மகன் பேரக் கூப்பிடுதுண்ணே. நாளைக்குப் பெரட்டுல நான் கூப்பிட்டா வருவானா?"

எனக்கு வயசாகித் தோட்ட வேலை முடிந்துவிட்டது. நாளைக் காலை பெரட்டில் பேர் சொல்லி ஆள் கூப்பிடும்போது என் இடத்தில் முருகன் நிற்காவிட்டால், இந்த லயத்து வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். அவன் அம்மா படுத்த படுக்கை. அவளை எங்கே தூக்கிக்கொண்டு போவேன்?

முருகனிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"நாளைக்குக் கம்பத்துல கச்சேரிப்பா. நான் வாசிச்சா சனமே ஆடுது. பெரட்டுல நின்னா கங்காணி மட்டுந்தான் ஆடுவாரு" என்று சொல்லிவிட்டு அந்த ஜீப்பிலேயே ஏறிப் போய்விட்டான்.

என் அப்பா காய்ச்சலில் கிடந்த அன்று, பெரட்டில் அவர் பேருக்கு நான்தான் குரல் கொடுத்தேன். பனியில் யாருக்கும் முகம் தெரியவில்லை. நாளைக்கும் பனி இருக்கும்.

"இருக்கேங்கய்யா" என்று இப்போது மெல்ல, முருகன் குரலில் சொல்லிப் பார்த்தேன்.

படுக்கையிலிருந்து அவள் கேட்கிறாள்: "முருகா, வந்துட்டியாய்யா?"